முசியே தந்த நம்பர்

எங்கள் கிளப்பில் ஒவ்வொருவருக்கும் இரண்டு நம்பர் உண்டு. ஒன்று சட்டை முதுகில் இருப்பது. சட்டை கிழிந்தால் அதுவும் மாறிவிடும். இன்னொன்று முசியே தந்தது. அது மாறவே மாறாது.

முசியே என்றால் பிரெஞ்சில் ஐயா. அவருக்கு ஞானஸ்நானத்தில் வைத்த நீளமான பிரெஞ்சுப் பெயர் ஒன்று இருந்தது. தபால்காரரைத் தவிர வேறு யாரும் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டுப் பென்ஷனோடு ஊர் திரும்புகிறவர்களைப் புதுச்சேரியில் ‘சொல்தா’ என்பார்கள். அந்தச் சொல்லில் பாதி மரியாதை, பாதி வயிற்றெரிச்சல். இவரை மட்டும் யாரும் அப்படிச் சொல்லவில்லை. மற்ற சொல்தாக்கள் வந்ததும் வராததுமாக மாடி கட்டினார்கள். இவர் இருந்த வீட்டுக்கு வெள்ளைகூட அடிக்காமல் கால்பந்து கிளப் நடத்தினார். பூட்ஸ், பந்து, வெளியூர் ஆட்டத்துக்கு வேன் எல்லாம் அவர் கைச்செலவு. ஊரிலிருந்து ஒருவனையாவது தொழில்முறை ஆட்டக்காரனாக ஆக்கி அனுப்பிவிட வேண்டும் என்பதுதான் அந்த மனிதருக்கு இருந்த ஒரே ஆசை.

நான் அப்போது சேதராப்பட்டில் ஒரு கம்பெனியில் ஃபிட்டர். முதல் ஷிஃப்ட் முடிந்ததும் கையில் ஆயில் வாசனையோடு நேரே மைதானத்துக்கு வருவேன். டிஃபென்ஸில் ஆடினேன். சில வருஷம் கேப்டனாகவும் இருந்தேன். அதனால் முசியே ஒவ்வொருவருக்கும் நம்பர் போட்டதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிற பாக்கியம் எனக்குக் கிடைத்தது. பாக்கியம் என்று கேலியாகத்தான் சொல்கிறேன்.

கிளப்பில் சேர வருகிறவனை அவர் பந்தைத் தொட விடமாட்டார். “வீட்டுக்கு வாடா” என்பார். ஹாலில் மேஜைக்கு எதிரே உட்காரவைப்பார். அவர் மனைவியை நாங்கள் மதாம் என்போம். மதாம் காப்பி கொண்டுவந்து வைப்பார். அவன் குடித்து முடிக்கும்வரை முசியே ஒரு வார்த்தை பேச மாட்டார். பிறகு கேள்விகள் தொடங்கும். பிரெஞ்சில் இருந்ததை அவரே தமிழாக்கி மனப்பாடமாக வைத்திருந்தார். ஆமாம், இல்லை, தெரியாது. இந்த மூன்றில் ஒன்றைத்தான் சொல்ல வேண்டும். விளக்கம் சொல்ல ஆரம்பித்தால் கையைக் காட்டி நிறுத்திவிடுவார். ஒவ்வொரு பதிலுக்கும் ஒரு விரலை மடிப்பார், சிலதுக்கு மடித்ததை நீட்டுவார். அந்தக் கணக்கு அவருக்கு மட்டும்தான் தெரியும். கடைசியில் மேஜையை ஒரு தட்டு தட்டி நம்பரைச் சொல்லுவார். சொல்லிவிட்டு, “ஃபினி!” முடிந்துவிட்டது என்று அர்த்தம். அதற்கு மேல் அவரிடம் அப்பீல் கிடையாது.

மொத்தம் நான்கு வகை மனிதர்கள்தான் உலகத்தில். ஒன்று, தன்னை நம்புகிறவன், பந்தைக் கொடு நான் அடிக்கிறேன் என்பவன். இரண்டு, சொன்னதைச் செய்கிறவன். மூன்று, அடுத்தவர் முகத்தைப் பார்த்து நடக்கிறவன். நான்கு, தன்னையே நம்பாதவன். ஒன்று கோல் போடுவான். இரண்டும் மூன்றும் கூட நின்று ஆடுவார்கள். நாலாம் நம்பர்காரன் மைதானத்தில் எத்தனை வித்தை காட்டினாலும் பெரிய கிளப்பில் ஒரு சீசன் தாங்க மாட்டான். ராணுவத்தில் ஆள் எடுக்கும் பிரிவில் வேலை பார்த்தபோது முசியே கற்றுக்கொண்டது இது. அங்கே ஒரு தொழில்முறை கால்பந்து கிளப்பும் இதே கேள்விகளை வைத்துத்தான் ஆள் பொறுக்கியதாம்.

“பந்தை ஏமாத்தலாம்டா. கேள்விய ஏமாத்த முடியாது” என்பார்.

எனக்கு அவர் கொடுத்தது இரண்டு. அன்றைக்கு எனக்குச் சந்தோஷம்தான், நாலு இல்லையே என்று. பிறகு கம்பெனியில் சூப்பர்வைசர் வேலைக்கு ஆள் கேட்டபோது நான் மனுப் போடவில்லை. நாம்தான் சொன்னதைச் செய்கிற ஆளாயிற்றே, நமக்கு எதற்கு என்று நானே தீர்மானித்துக்கொண்டேன். அது முசியேவின் குற்றம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவர் மேஜையைத் தட்டிய சத்தம் காதில் இருந்தது உண்மை.

மைதானத்தோடு நின்றிருந்தால் பரவாயில்லை. ரொட்டிக் கடைக்காரருக்கு ஒரு நம்பர், கோயில் பாதருக்கு ஒரு நம்பர், புதிதாக வந்த போலீஸ்காரருக்கு ஒரு நம்பர். எங்கள் தெருவில் ஒரு வீட்டில் பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்த்தார்கள். பெண்ணின் அப்பா வேடிக்கைபோல அந்தப் பையனை முசியே வீட்டுக்குக் காப்பி குடிக்க அனுப்பிவைத்தார். முசியே ‘நாலு’ என்றார். சம்பந்தம் நின்றுபோனது. அந்தப் பையன் வேறு இடத்தில் கட்டிக்கொண்டு நன்றாகத்தான் இருந்தான். அதைச் சொன்னபோது முசியே, “இன்னும் நாள் இருக்கு” என்றார். 

இவ்வளவும் சொல்லிவிட்டு அவரைக் கல்நெஞ்சக்காரர் என்று யாராவது நினைத்தால் அது தவறு. எங்கள் கோல்கீப்பருக்குக் கால் முறிந்தபோது ஆஸ்பத்திரி வராந்தாவில் பெஞ்சில் படுத்துக் கிடந்தவர் அவர்தான். என் அப்பா செத்தபோது செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சுடுகாடுவரை நடந்தே வந்தார். வெயில் கொளுத்தியது, அவருக்கு அந்த நடை பழக்கமில்லை. திரும்பும்போது என் தோளில் கையைப் போட்டு, “அழாம நின்னடா. ரெண்டு நம்பர்காரன் அப்படித்தான் நிப்பான்” என்றார். அவர் என்னைத் தேற்றினார் என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்த நேரத்திலும் அந்த நம்பரைச் சொல்லாமல் இருந்திருக்கலாமே என்று இன்றைக்கும் மனம் ஆறவில்லை. நான் அழாததற்குக் காரணம், அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டிருந்ததுதான்.

சுனாமி வந்துபோன அடுத்த வருஷம் சேகர் கிளப்புக்கு வந்தான். குருசுக்குப்பத்துப் பையன். அப்பாவின் படகு போய்விட்டதால் தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் அடுத்தவர் படகுக்குப் போய்க்கொண்டிருந்தான். இருபது வயது இருக்கும். இடது கால்காரன். பந்து அவனிடம் வந்தால் எதிரே நிற்கிறவன் என்ன செய்யப் போகிறான் என்பது அவனுக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும். நான் டிஃபென்ஸ்காரன், அவனை மறித்து ஆடிப் பார்த்தவன், அதனால் சொல்கிறேன். அவன் என்னைத் தாண்டிப் போனபோது எனக்குக் கோபம் வரவில்லை, சிரிப்புதான் வந்தது. அப்படி ஒருவன் எங்கள் மைதானத்துக்கு அதற்கு முன்னாலும் வரவில்லை, பின்னாலும் வரவில்லை.

நான்தான் அவனை முசியே வீட்டுக்கு அழைத்துப்போனேன்.

“வர்ற ஞாயித்துக்கிழம ஆட்டத்துல கோல் போடுவியா?”

“தெரியாது முசியே.”

“எதிர்ல நிக்கிறவன உன்னால தாண்டிப் போவ முடியுமா?”

“ஆடுனாத்தான்…”

“மூணுல ஒண்ணு சொல்லு.”

“தெரியாது.”

“ரெண்டு வருஷத்துல பெரிய கிளப்புல ஆடுவியா?”

சேகர் என்னைப் பார்த்தான். பிறகு ஜன்னலைப் பார்த்தான். “தெரியாது முசியே.”

முசியேவின் விரல்கள் நீண்டன, மடிந்தன. மேஜையைத் தட்டினார். “நாலு. ஃபினி!”

சேகர் எழுந்து கும்பிட்டுவிட்டு வந்தான். நம்பரைப் பற்றி அவன் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. எனக்குத்தான் மனசு கொதித்தது. அவனை வண்டியில் உட்காரவைத்துக்கொண்டு குப்பம் போகிற வழியெல்லாம் திட்டினேன்.

“ஆமான்னு சொல்லித் தொலைக்க வேண்டியதுதானடா? எல்லாப் பயலும் அப்படித்தான சொல்றான்?”

“அது எப்டிண்ணா சொல்ல முடியும்? எங்க வூட்ல கடலுக்குப் போறவன் எவனும் இன்னிக்கு நல்லாப் பிடிப்பேன்னு வாயத் தொறந்து சொல்ல மாட்டான். சொன்னா எங்கப்பா படவுலேர்ந்து எறக்கி வுட்டுடுவாரு. சொன்னா மீன்பாடு கெடைக்காதுண்ணா. கரைக்கு வந்து கூடையக் கொட்னப்புறம் பேசிக்கலாம்.”

“இது கடலு இல்லடா, ஃபுட்பால்.”

“எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்” என்று சிரித்தான்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ‘தெரியாது’ என்பது அவனுக்குப் பயத்தில் வருகிற பதில் இல்லை, அவன் வளர்ந்த வீட்டு ஒழுக்கம். நாளைக்கு நடக்கப்போவதை அடித்துப் பேசுகிறவனை அங்கே யாரும் மதிப்பதில்லை. அதிலும் கடல் உள்ளே வந்துபோன பிறகு அந்தக் குப்பத்தில் நாளையைப் பற்றி யார் அடித்துப் பேசுவார்கள்? முசியேவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். அவர் எல்லோர் பேச்சையும் முழுக்கக் கேட்பார். கேட்டு முடித்ததும், “காரணம் ஆயிரம் இருக்கும்டா. பதில் ஒண்ணுதான்” என்றார்.

எல்லாப் பயலும் ஆமாம் என்றுதான் சொல்கிறான் என்று சேகரிடம் சொன்னேனே, அது முசியேவுக்குத் தெரியாத விஷயம். எந்தக் கேள்விக்கு எதைச் சொன்னால் ‘ஒண்ணு’ கிடைக்கும் என்பது நான் சேர்ந்து சில வருஷத்தில் பசங்களுக்குத் தெரிந்துபோயிற்று. ராஜ்குமார் என்று பாகூர்ப் பக்கத்து நெல்லுக்காரர் வீட்டுப் பையன் இருந்தான். நல்ல உழைப்பாளி, நடுத்தரமான ஆட்டக்காரன். எல்லாவற்றுக்கும் ஆமாம் ஆமாம் என்று சொல்லி ஒன்றாம் நம்பர் வாங்கியவன். முசியேவின் கிளப்பில் பெனால்டியை ஒன்றாம் நம்பர்காரன்தான் அடிக்க வேண்டும். ஃபார்வர்டில் நடுவில் ஒன்றாம் நம்பர்காரன்தான் நிற்க வேண்டும். ஆகவே எல்லாப் பந்தும் ராஜ்குமாருக்குப் போனது. நிறைய கோலும் போட்டான். எல்லாப் பந்தும் எனக்கு வந்திருந்தால் நானும் போட்டிருப்பேன்.

சேகரை ஓரத்தில் நிறுத்தினார்கள். முதலில் அவன் அதையெல்லாம் சட்டை செய்யவில்லை, ஓரத்திலிருந்தே உள்ளே புகுந்து கோல் போட்டான். போட்ட ஒவ்வொரு கோலுக்கும் முசியே கைதட்டினார். தட்டிவிட்டு பக்கத்தில் இருப்பவரிடம், “பாவம், நாலு” என்பார். அவன் காதில் விழட்டும் என்று சொன்னதில்லை. ஆனால் விழுந்தது. ஒரு ஆறேழு மாதத்தில் நான் ஒரு மாற்றத்தைக் கவனித்தேன். பந்து வந்ததும் சேகர் கோலைப் பார்ப்பதற்கு முன்னால் கோட்டுக்கு வெளியே நிற்கிற முசியேவைப் பார்க்க ஆரம்பித்தான். கண் மூடித் திறக்கும் நேரம்தான். அதற்குள் எதிராளி வந்துவிடுவான். பிறகு அடிக்க வேண்டிய இடத்தில் ராஜ்குமாருக்குத் தள்ளிவிட ஆரம்பித்தான். ஒருநாள் காலியான கோலுக்கு எதிரே நின்றுகொண்டு பந்தைத் தள்ளிவிட்டான்.

“பாத்தியா?” என்றார் முசியே என்னிடம். அவர் குரலில் சந்தோஷம் இல்லை, துக்கம்தான் இருந்தது. நிஜமான துக்கம். அதுதான் என்னை அதிகமாகப் பயமுறுத்தியது.

அந்த நேரத்தில்தான் கோவாவிலிருந்து கேட்டார்கள். அங்கே ஒரு தொழில்முறை கிளப்பின் பயிற்சியாளர் முசியேவுக்குப் பழக்கம். ஃபார்வர்டு ஒருவனைச் சோதனை ஆட்டத்துக்கு அனுப்புங்கள், தேறினால் சேர்த்துக்கொள்கிறோம் என்றார். முசியே வாழ்நாள் முழுக்கக் காத்திருந்த வாய்ப்பு. யாரை அனுப்பப் போகிறார் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லாவிட்டாலும் போய்ச் சண்டை போட்டேன்.

“சேகர அனுப்புங்க முசியே. கண்ணத் தொறந்து பாருங்க. ராஜ்குமார் அவன் கால் தூசிக்கு வருவானா?”

“கால் முக்கியம் இல்லடா. அங்க போனா கால் எல்லாருக்கும் இருக்கும்.”

“உங்க கேள்வி தப்பு.”

யாரும் அவரிடம் அப்படிச் சொன்னதில்லை. அவருக்குக் கோபம் வரவில்லை. மதாமைக் கூப்பிட்டு எனக்கு இன்னொரு காப்பி கொண்டுவரச் சொன்னார். பிறகு மெதுவாகச் சொல்ல ஆரம்பித்தார்.

பத்தொன்பது வயதில் பிரான்சுக்குக் கப்பலேறிப் போனாராம், பந்து ஆடத்தான். ராணுவத்துக்கு இல்லை. அங்கே ஒரு சின்ன நகரத்துக் கிளப்பில் இரண்டு வாரம் ஆடவிட்டுப் பார்த்தார்கள். நன்றாக ஆடினார். வெள்ளைக்காரப் பையன்கள் தோளில் தட்டிக்கொடுத்தார்கள். கடைசி நாள் ஒருவர் மேஜைக்கு எதிரே உட்காரவைத்துக் கேள்வி கேட்டார். அன்றைக்கு மாலையே, நீ வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். ஊருக்குத் திரும்ப வெட்கப்பட்டுக்கொண்டு ராணுவத்தில் சேர்ந்தார்.

“உங்களுக்கு என்ன நம்பர் குடுத்தாங்க?” என்று கேட்டேன். ஊரில் எல்லோரும் கேட்டு, யாருக்கும் பதில் கிடைக்காத கேள்வி அது.

“நாலு” என்றார்.

 அவரே தொடர்ந்தார். “அவங்க சொன்னது ரொம்ப சரி. இல்லன்னா பந்து பின்னாடியே ஓடி ஓடி வாழ்க்கையே வீணாப் போயிருக்கும். அந்த மனுஷன் என்னக் காப்பாத்துனான்டா. நானும் அப்படித்தான் சேகரக் காப்பாத்துறேன்.”

“அப்ப உங்களுக்கு பிரெஞ்சு நல்லாத் தெரியுமா முசியே?”

“ஸ்கூல்ல படிச்சதுதான். பாதி புரிஞ்சிது. புரியாததுக்கெல்லாம் தெரியாதுன்னேன்.”

சொல்லிவிட்டுக் காப்பியைக் குடித்தார். தான் என்ன சொன்னோம் என்பது அவர் காதில் விழுந்ததா என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். விழுந்ததாகத் தெரியவில்லை. அல்லது விழுந்து, அதை உள்ளே விடாமல் வாசலிலேயே நிறுத்திவிட்டாரோ என்னவோ. விட்டால் என்ன ஆகும்? அந்த மேஜைக்கு எதிரே பறிபோன அவருடைய பத்தொன்பது வயது கண் முன்னால் வந்து நிற்கும். கேள்வி தப்பென்றால் அவர் வாழ்க்கையே யாரோ பிடுங்கிக்கொண்டதாகிவிடும். கேள்வி சரியென்றால் அது விதி, மனசு ஆறிவிடும். அவர் மேல் இருந்த கோபம் அப்படியே இருந்தது. ஆனால் அதன் மேல் பெரிய பரிதாபமும் வந்து உட்கார்ந்துகொண்டது. இரண்டையும் சுமந்துகொண்டு வீட்டுக்கு வந்தேன்.

ராஜ்குமார் கோவாவுக்குப் போனான். ரயிலடியில் மாலை போட்டு அனுப்பினோம். சேகரும் வந்து கைதட்டினான். சோதனையில் ராஜ்குமார் எப்படியோ தேறினான், ஆனால் மழைக்காலம் முடிவதற்குள் திரும்பி வந்துவிட்டான். பெஞ்சில் உட்கார்ந்தே முதுகு வலித்துவிட்டது என்று சிரித்தபடி சொன்னான். முசியே அவனைத் தனியாகக் கூப்பிட்டு விசாரித்தார். அவன் நேர்மையானவன்தான், உள்ளதைச் சொல்லிவிட்டான். “எல்லாத்துக்கும் ஆமான்னு சொன்னா நீங்க ஒண்ணு குடுப்பீங்கன்னு பசங்க சொன்னாங்க முசியே. சொன்னேன்.”

அன்றைக்கு முசியே மைதானத்துக்கு வரவில்லை. மறுநாள் வந்தார். ஒன்றும் நடக்காததுபோல விசிலை ஊதினார். ஆனால் அதன் பிறகு புதிதாக வந்த யாரையும் அவர் வீட்டுக்குக் கூப்பிடவில்லை. “அப்புறம் பாத்துக்கலாம்” என்பார். பழைய நம்பர்களை மட்டும் அவரும் மாற்றவில்லை, நாங்களும் மாற்றவில்லை.

அடுத்த கோடையில் புதுச்சேரியில் ஒரு போட்டி நடந்தது. கோவாக் கிளப்பின் பயிற்சியாளர் ஆள் பார்க்க நேரில் வந்திருந்தார். அந்த வாரம் முசியேவுக்குக் கடுமையான காய்ச்சல், படுக்கையை விட்டு எழ முடியவில்லை. கோட்டுக்கு வெளியே அவர் இல்லாமல் எங்கள் கிளப் ஆடிய முதல் ஆட்டம் அது. தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் சேகர் வழக்கம்போலத் திரும்பிப் பார்த்தான். அங்கே தண்ணீர்ப் பானை மட்டும் இருந்தது. அப்புறம் அவன் ஆடிய ஆட்டத்தை என்னவென்று சொல்ல! நான் பின்னால் நின்று ஒரு ரசிகனாகப் பார்த்துக்கொண்டிருந்தேன், என் வேலையைக்கூட மறந்துவிட்டேன். ஆட்டம் முடிந்ததும் கோவாக்காரர் மூச்சிறைக்க என்னிடம் ஓடிவந்தார். இவனை வைத்துக்கொண்டா போன வருஷம் அந்தப் பையனை அனுப்பினீர்கள் என்று இங்கிலீஷில் கேட்டார். சோதனையெல்லாம் வேண்டாம், நாளைக்கே என்னோடு வரட்டும் என்றார்.

நான் சேகரிடம் சொல்வதற்குள் அவன் துறைமுகத்துக்குக் கிளம்பிவிட்டிருந்தான். விடிவதற்கு முன் படகு. மறுநாள் காலையில் கோவாக்காரரை அழைத்துக்கொண்டு அங்கேயே போய்ப் பிடிப்பது என்று முடிவு செய்தேன். போகிற வழியில் கோவாக்காரரை ஆட்டோவிலேயே இருக்கச் சொல்லிவிட்டு முசியே வீட்டில் இறங்கினேன். சொல்லாமல் செய்ய மனம் வரவில்லை.

கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். தாடி முளைத்திருந்தது, அவரை நான் அப்படிப் பார்த்ததே இல்லை. சொன்னேன். தலையைக் குனிந்துகொண்டார். கஞ்சி கொண்டுவந்த மதாம் கிண்ணத்தை வைத்துவிட்டு அங்கேயே நின்றார்.

“கல்யாணம் ஆன மறுநாள் என்ன உக்கார வச்சு இவரு கேள்வி கேட்டாரு தம்பி. மூணுன்னாரு. அன்னையிலேர்ந்து மூணாவே இருந்துட்டேன். ஒண்ணா இருந்திருந்தா எப்டி இருந்திருப்பேன்னு சில நாளு நெனச்சுப் பாப்பேன்.”

அவர் குறையாகச் சொல்லவில்லை. சாதாரணமாகச் சொல்லிவிட்டு உள்ளே போனார். முசியே கஞ்சிக் கிண்ணத்தை ஓரமாகத் தள்ளினார். பிறகு, “சட்டைய எடு, நானும் வர்றேன்” என்றார்.

தேங்காய்த்திட்டில் ஏலம் மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. சேகர் படகிலிருந்து கூடைகளை இறக்கிக்கொண்டிருந்தான். எங்களைப் பார்த்ததும், முக்கியமாக முசியேவைப் பார்த்ததும், கையைத் துடைத்துக்கொண்டு ஓடிவந்தான். “காச்சலோட எதுக்கு முசியே வந்தீங்க?” என்று ஒரு ஐஸ் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அவரை உட்காரவைத்தான்.

நான் விஷயத்தைச் சொன்னேன். கோவாக்காரரும் பக்கத்தில் நின்று தலையாட்டினார். சேகர் முகம் மலரும் என்று எதிர்பார்த்தேன். அவன் காலால் ஒரு மீன் செதிலைத் தள்ளிக்கொண்டே நின்றான்.

“வேணாண்ணா” என்றான். “அந்த சார்கிட்ட சொல்லிடு. நான் நாலு. எனக்குத் தாங்காது.”

“அடேய், நேத்து என்ன ஆட்டம்டா ஆடுன?”

“அது முசியே இல்லாததால ஆடுனதுண்ணா. அவரு பாத்தா கால் கட்டிக்குது. அங்க போனா ஊரே பாக்கும், டி.வி.யில காட்டுவாங்க. நீயே சொல்லு, நான் ஆடுவேனா?”

 இந்த ஒரு கேள்விக்குத்தான் அவன் தெரியாது என்று சொல்ல வேண்டியது. அவனோ முடியாதென்று தெரிந்ததுபோலச் சொன்னான்.

முசியே ஐஸ் பெட்டியிலிருந்து எழுந்தார். காய்ச்சலில் உடம்பு ஆடியது. சேகரின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். “டேய், நான் தப்பா சொல்லிட்டேன்டா. அந்தக் கேள்வியே தப்பு. நீ நாலு இல்ல. நீ போடா. போய் ஆடு.”

அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்து நான் கேட்டதில்லை. அவரை அறிந்தவர் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அதைச் சொல்ல அவர் எவ்வளவு தூரம் வந்தார், தனக்குள் எதையெல்லாம் இடித்துவிட்டு வந்தார் என்பது அங்கே இருந்தவர்களில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

சேகர் சிரித்தான். அன்பான சிரிப்பு.

“எம் மேல இருக்கிற பாசத்துல சொல்றீங்க முசியே. நீங்க ஆளப் பாத்துச் சொன்னா தப்பாவுமா?”

ஏலக்காரர் அவன் பெயரைச் சொல்லிக் கத்தினார். கையை மெதுவாக விடுவித்துக்கொண்டு, “வெயில்ல நிக்காதீங்க” என்று சொல்லிவிட்டு ஓடினான். கோவாக்காரர் கடிகாரத்தைப் பார்த்தார்.

ஆட்டோவில் திரும்பி வந்தோம்.  உப்பளம் தாண்டும்போது முசியே என் முழங்கையைப் பிடித்து, சின்னப் பையன் கேட்பதுபோலக் கேட்டார்.

“யாரு சொன்னா அவன் நம்புவான்டா?”

பொய் சொல்லி அவரைத் தேற்றியிருக்கலாம். எனக்கு வரவில்லை.

“நீங்க சொன்னா மட்டுந்தான் முசியே” என்றேன்.